திருகோணமலை வெயிலுக்கு எந்தக் கூலன்ட்? தண்ணீர், மலிவுப் போத்தல், செறிவு, பிரீமிக்ஸ் – ஓர் ஒப்பீடு

காரின் எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேற்றரில் ஊற்றும் நீர்மம்தான் கூலன்ட். உதிரிப்பாகக் கடையில் "கூலன்ட் ஒன்று வேணும்" என்று கேட்டால் மூன்று விதமான போத்தல் மேசைக்கு வரும். பச்சை நிறத்தில், விலை மலிவாக ஒன்று. தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று சொல்லித் தரும் செறிவான ஒன்று. அப்படியே ஊற்றக்கூடிய இளஞ்சிவப்பு அல்லது நீல பிரீமிக்ஸ் ஒன்று. பக்கத்தில் நிற்பவர் நாலாவது யோசனை சொல்வார்: "இங்க என்ன பனியா கொட்டுது? தண்ணீரை விட்டிட்டுப் போங்க."

அவர் சொல்வதில் பாதி சரி. திருகோணமலையில் ரேடியேற்றர் ஒருநாளும் உறையப் போவதில்லை. ஆனால் அந்தப் போத்தலில் இருப்பது உறையாமல் காக்கும் கிளைக்கோல் மட்டும் இல்லை. அலுமினியமும் இரும்பும் செம்பும் அரிக்காமல் காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த மருந்து. அது வேலை செய்வதும் வீணாவதும் நாம் கலக்கும் தண்ணீரைப் பொறுத்தது. "எத்தனைக்கு எத்தனை கலப்பது" என்று கேட்பவர்கள் "எந்தத் தண்ணீரில் கலப்பது" என்று முதலில் கேட்டால் பாதி எஞ்சின்கள் பிழைக்கும்.

## எதை வைத்து அளப்பது

துரு, அரிப்பு. இதுதான் முதல் அளவுகோல். இப்போது ஓடும் ஜப்பானியக் கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம், ரேடியேற்றர் அலுமினியம், பலவற்றில் எஞ்சின் புளொக்கும் அலுமினியம். அதோடு இரும்பு லைனர், வோட்டர் பம்ப், ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் டாங்கி. வெவ்வேறு உலோகங்கள் ஒரே சூடான நீரில் கிடக்கும்போது, தடுப்பு மருந்து இல்லையென்றால் ஒன்று மற்றதைத் தின்னும். பெரும்பாலான செறிவுக் கூலன்ட்டுகளில் மொத்த நீர்மத்தில் 30 முதல் 33 வீதமாவது கூலன்ட் இருந்தால்தான் இந்த மருந்து போதிய அளவில் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் நிறம் தெரியும், காவல் இருக்காது.

கொதிநிலை. மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று வீசும் நாட்களில், பகல் வெப்பம் 33, 35 பாகை என்று நிற்கும். இந்தச் சூட்டில் கூலன்ட் கொதிக்காமல் இருப்பது முக்கியம். ஆனால் கொதிநிலையை உயர்த்துவது கிளைக்கோல்தான் என்று பலர் நம்புவது சரியில்லை. கணக்கைப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 33 வீதக் கலவை சுமார் 104, 50 வீதக் கலவை சுமார் 107. அதாவது பாதிக்குப் பாதி கலந்தாலும் கிடைப்பது ஏழு பாகைதான். ஆனால் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கும், 0.9 பார் என்று அந்த அழுத்த அளவு எழுதியிருக்கும் ரேடியேற்றர் மூடி ஒழுங்காக வேலை செய்தால், வெறும் தண்ணீரே சுமார் 119 பாகை வரை கொதிக்காது. 1.1 பார் மூடியென்றால் சுமார் 122. மூடி தருவது இருபது பாகை, கூலன்ட் தருவது ஏழு.

ஆகவே "கொதிக்குது" என்று கூலன்ட்டை மாற்றுவதற்கு முன்பு மூடியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், தட்டையாகிக் கல்லாகியிருந்தால், ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால், எந்தப் போத்தலும் உதவாது. அதே அழுத்த எண் கொண்ட மூடியைத்தான் மாற்ற வேண்டும். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸும் ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தலையும் அந்தப் பாரத்தைத் தாங்காமல் வெடிக்கலாம்.

வெப்பத்தைச் சுமக்கும் திறன். தண்ணீருக்கு இணையாக வெப்பத்தைத் தூக்கிச் செல்லும் நீர்மம் மலிவில் வேறு இல்லை. 50 வீதக் கலவை, எடைக்கு எடை பார்த்தால், வெறும் தண்ணீரைவிட ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். கிளைக்கோல் கூடக் கூட நீர்மம் தடிக்கும், பம்பின் வேலையும் கூடும். கார்க் கம்பனிகள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் ரேடியேற்றரைச் செய்கின்றன, ஆகையால் நல்ல நிலையில் உள்ள காருக்கு 50:50 ஒரு பிரச்சினையே இல்லை. உள்ளே பாதி அடைபட்ட பழைய ரேடியேற்றருக்குத்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

குளிர். ஓரிரு வரியில் முடிக்கலாம். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் தரையில் பனி உறையும் இரவுகள் உண்டு. அங்கே காரை வெளியில் நிறுத்தினாலும் 30 வீதக் கலவை ஏறத்தாழ மறை 15 பாகை வரை தாங்கும். இலங்கையில் அதற்கு மேல் தேவையில்லை.

செலவு. போத்தலின் விலை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ரேடியேற்றரில் போய் நிற்கும் ஒரு லீற்றருக்கு என்ன விலை, அது எத்தனை வருடம் தாங்கும், தாங்காவிட்டால் எது பழுதாகும் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## வெறும் தண்ணீர்

வெப்பத்தைச் சுமப்பதில் இதுவே முதல். மற்ற எல்லாவற்றிலும் கடைசி.

எந்தத் தண்ணீர் என்பதிலும் ஊருக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. நகரக் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வருவது. குடிக்க நல்லது, ஆனால் குளோரின் போட்டது, கரைந்த உப்புகளும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர மணலில் வெட்டிய கிணறுகளில், கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கச் சவர் ஏறும். உள்நாட்டுப் பக்கம் கல்லுக்குள்ளிருந்து வரும் கிணற்று நீரில் சுண்ணம் கூட. வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தால் போதும். அங்கே வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் சிலிண்டர் ஹெட்டின் ஒடுக்கமான நீர்வழிகளிலும் படியப் போகிறது, அதுவும் மிகச் சூடான இடமாகப் பார்த்து.

சவர் நீரின் குளோரைட்டு அலுமினியத்தை ஊசி குத்தினாற்போல் துளைக்கும். சுண்ணப் படிவு நீர்வழியை அடைக்கும். இரும்புப் பாகம் துருப்பிடித்துத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் மாறும். வோட்டர் பம்பின் சீல் அந்தத் துருத்தூளில் தேயும். பழைய எஞ்சின்களில் புளொக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகள் உள்ளிருந்து அரித்து, ஒருநாள் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காட்டுப் பாதையில் ஒழுகத் தொடங்கும்.

மலையேறும்போது இன்னொரு குறையும் சேரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே வளியழுத்தம் குறைவதால், மூடி பழுதான காரில் வெறும் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் வழமையாக ஓடும் சூடே அதற்கு அண்மையில்தான்.

மறைந்திருக்கும் செலவு: பம்ப், ரேடியேற்றர், ஹெட் கஸ்கெட், வளைந்த ஹெட்டைச் சமப்படுத்தும் லேத் கூலி. ஒரு தடவை எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்தால், பல வருடக் கூலன்ட் செலவு அந்த ஒரு பில்லில் போய்விடும்.

இது சரியான தெரிவாகும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று: வழியில் ஒழுகிவிட்டது, கையில் வேறு எதுவும் இல்லை, அடுத்த கராஜ் வரை போக வேண்டும். அப்போது எந்தச் சுத்தமான தண்ணீரும் ஊற்றலாம், எஞ்சின் ஆறிய பிறகு. அடுத்த சில நாட்களுக்குள் அதை வெளியேற்றிவிட வேண்டும். கடல்நீரை மட்டும் அவசரத்துக்கும் ஊற்ற வேண்டாம்.

## மலிவான நிறக் கூலன்ட்

பச்சையோ சிவப்போ, "ரெடி டு யூஸ்" என்று எழுதி, நல்ல கூலன்ட்டின் விலையில் பாதிக்கும் குறைவாக விற்கும் போத்தல்கள். இவற்றில் சில, கிளைக்கோல் மிகக் குறைவாகவும் துருத்தடுப்பு மருந்து ஓரளவும் கொண்ட நீர்க் கூலன்ட். குளிர் இல்லாத ஊருக்கு அந்தக் கருத்தில் பிழையில்லை. சில வெறும் சாயத் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிரித்தறிய ஒரு சிறு கருவி போதும். ரிஃப்ராக்டோமீற்றர் என்பது கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் கையளவுக் குழல். ஒரு துளி விட்டால் கிளைக்கோல் எவ்வளவு என்று, உறைநிலையாகக் காட்டும். மறை 15, 16 காட்டினால் சுமார் 30 வீதம், மறை 24 என்றால் 40, மறை 37 என்றால் 50. பூச்சியத்துக்கு அண்மையில் நின்றால் கிளைக்கோல் இல்லை. முதலில் வடித்த நீர் ஒரு துளி விட்டுக் கோட்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 10 முதல் 30 பாகை வரைதான் வெப்பத்துக்கேற்பத் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஆகவே நடுப்பகல் வெயிலில் வைத்துப் பார்க்காமல், காலையில் நிழலில் வைத்துப் பாருங்கள். கருவி சொல்லாத ஒன்றும் உண்டு: துருத்தடுப்பு மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அது காட்டாது. ஐந்து வருடப் பழைய கூலன்ட் 50 வீதம் காட்டிக்கொண்டே மருந்தில்லாமல் கிடக்கலாம்.

போத்தலில் கிளைக்கோல் வீதமோ, எந்தத் தரநிர்ணயத்துக்கு அமைய என்பதோ எழுதியில்லை என்றால் வாங்க வேண்டாம். எழுதியிருந்து, உற்பத்தியாளர் பொறுப்பான பெயராகவும் இருந்தால், வருடத்துக்கொரு தடவை மாற்றும் பழைய வானுக்கு இது கிணற்றுத் தண்ணீரைவிடப் பல மடங்கு மேல். புதிய காருக்கும் ஹைபிரிட்டுக்கும் இது வேண்டாம்.

## செறிவுக் கூலன்ட்டும் வடித்த நீரும்

நான்கில் அதிக அறிவும் கவனமும் கேட்கும் தெரிவு இது. ஒழுங்காகச் செய்தால் பணத்துக்கு அதிகப் பலன் தருவதும் இதுதான்.

செறிவை அப்படியே ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பது பெரிய பிழை. சுத்தமான எத்திலீன் கிளைக்கோல் மறை 13 பாகையிலேயே உறைந்துவிடும், தண்ணீர் சேர்ந்தால்தான் அது மறை 37 வரை இறங்கும். தண்ணீர் இல்லாத கிளைக்கோல் வெப்பத்தையும் மந்தமாகவே கடத்தும். மருந்துகள் கரைந்து வேலை செய்யவும் தண்ணீர் வேண்டும். 60 வீதத்துக்கு மேல் போக எந்தக் காரணமும் இல்லை.

ஜப்பானிலேயே வெப்பமான பகுதிகளுக்கு 30 வீதமும் குளிரான பகுதிகளுக்கு 50 வீதமும் கலக்கும் வழக்கம் இருக்கிறது. திருகோணமலைக்கு எங்கள் பரிந்துரை 40 வீதம். 30 வீதம் காகிதத்தில் போதும். ஆனால் யாரோ ஒருவர் டாங்கியில் தண்ணீர் குறைகிறது என்று இரண்டு தடவை குழாய்த் தண்ணீர் விட்டால் அது 25க்கு இறங்கி, மருந்து போதாத நிலைக்குப் போய்விடும். 40 வீதத்தில் அந்தச் சறுக்கலுக்கு இடமுண்டு. 50 வீதத்தைவிட வெப்பமும் சற்று நன்றாகக் கடத்தும்.

5 லீற்றர் கொள்ளும் காருக்கு அளவு இது: 40 வீதத்துக்குச் செறிவு 2 லீற்றர், வடித்த நீர் 3 லீற்றர். 33 வீதத்துக்கு 1.65ம் 3.35ம். 50க்கு இரண்டரையும் இரண்டரையும். உங்கள் காரின் கொள்ளளவு கையேட்டில் இருக்கும், ஊகிக்க வேண்டாம்.

### தண்ணீர்

கூலன்ட் கலக்கும் நீருக்கு ஏஎஸ்டிஎம் டி3306 என்ற அமெரிக்கத் தரநிர்ணயத்தோடு வரும் வழிகாட்டல், கரைந்த திண்மங்கள் மொத்தமாக ஒரு மில்லியனில் 340 பங்கு, கடினத்தன்மை 170, குளோரைட்டு 40 என்ற எல்லைகளைத் தருகிறது. குளோரைட்டின் எல்லை எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். சவர் தட்டும் கிணறுகள் இந்த எல்லையை எளிதில் தாண்டும்.

கடினத்தன்மைக்கு நம் ஊரில் இன்னொரு கூர்மையும் இருக்கிறது. ஜப்பானியக் கூலன்ட்டுகள் பெரும்பாலும் பொஸ்பேற்று மருந்து கொண்டவை. ஜப்பானில் தண்ணீர் மென்மையானது, அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. தண்ணீர் கடினமான ஐரோப்பாவில் பொஸ்பேற்றைத் தவிர்த்து வேறு மருந்து சேர்க்கிறார்கள், ஏனென்றால் பொஸ்பேற்று சுண்ணத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். நாம் ஓட்டுவது ஜப்பானியக் கார், ஊற்றுவது ஜப்பானிய வகைக் கூலன்ட், கலப்பது உலர்வலயக் கிணற்று நீர் என்றால், மருந்தும் போய் அடைப்பும் வந்து சேரும். ஒரே ஊற்றில் இரண்டு நட்டம்.

ஆகவே காய்ச்சி வடித்த நீர். பற்றரிக் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் கிடைக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள், ஏனென்றால் அதே தட்டில் பற்றரி அசிட்டும் இருக்கும். அது கந்தக அமிலம், ரேடியேற்றருக்குள் போனால் அலுமினியம் முடிந்தது. நீரில் கரைந்த உப்புகளை மில்லியனில் எத்தனை பங்கு என்று காட்டும் சின்ன டிடிஎஸ் மீற்றர் ஒன்று இருந்தால் போத்தலைத் திறந்து முக்கிப் பாருங்கள். 10க்குக் கீழே காட்டினால் நல்லது. "வடித்த நீர்" என்று வாங்கியது 80, 100 காட்டினால் அது வெறும் குழாய் நீர் அடைத்த போத்தலாக இருக்கலாம்.

வடித்த நீர் கிடைக்கவில்லையா? ஆர்.ஓ. வடிகட்டி வைத்துக் குடிநீர் விற்கும் இடங்களில் மீற்றர் 50க்குக் கீழே காட்டினால் இரண்டாந்தரமாக அதை எடுக்கலாம். கடையில் விற்கும் போத்தல் குடிநீரில் சுவைக்காகவும் இயற்கையாகவும் கனியுப்புகள் இருக்கும், லேபிளில் அளவு பார்க்கவும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பலர் சேர்த்து வைக்கிறார்கள். உப்பு குறைவுதான், ஆனால் செம்புத் துகளும் தூசியும் பாசியும் அதில் இருக்கும், கடற்கரை வீடுகளில் காற்றோடு வரும் உப்பும் சேரும். மழைநீர், தகரக் கூரையில் விழாமல் நேரே சுத்தமான பாத்திரத்தில் பிடித்ததென்றால் பரவாயில்லை. ஒக்டோபருக்குப் பிறகு, முதல் சில மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: வடித்த நீர் நாம் நினைப்பதைவிட அதிகம் வேண்டும், கழுவலுக்கும் சேர்த்து. இதைக் கீழே பார்ப்போம். மிஞ்சிய செறிவு வீட்டில் கிடக்கும். அதை ஒருபோதும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். கிளைக்கோல் இனிக்கும், பிள்ளைகளும் நாய்களும் குடிக்கும். பெரியவர் ஒருவருக்கே 100 மில்லிலீற்றர் அளவு உயிராபத்தானது. குடித்துவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால்.

## பிரீமிக்ஸ்

தொழிற்சாலையிலேயே உப்பு நீக்கிய நீரில் 50:50 கலந்து வருவது. இதன் உண்மையான மதிப்பு கிளைக்கோலில் இல்லை, அந்த மற்றப் பாதித் தண்ணீரில். வடித்த நீர் தேடி அலைய வேண்டாம், அளக்க வேண்டாம், கிணறு சவரா என்று யோசிக்க வேண்டாம்.

டொயோட்டாவின் இளஞ்சிவப்பு சூப்பர் லோங் லைஃப் கூலன்ட் இந்த வகை. புதிய காரில் முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், பிறகு ஒவ்வொரு 80,000த்துக்கும் என்பது கம்பனியின் கணக்கு. டொயோட்டாவின் பழைய சிவப்புக் கூலன்ட் வேறு, அது செறிவு வகை, இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீற்றர் என்பது அதன் வழமையான எல்லை. சிவப்பையும் இளஞ்சிவப்பையும் ஒன்றென்று எண்ணிக் கலக்க வேண்டாம். ஹொண்டாவின் நீல வகையும் பிரீமிக்ஸ்தான். நிறத்துக்கு உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பனியின் பச்சை இன்னொரு கம்பனியின் பச்சைக்குச் சொந்தமில்லை, லேபிளைத்தான் நம்ப வேண்டும்.

ரெகண்டிஷனாக வந்த காரில் இந்த நீண்ட ஆயுளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே இருப்பது முதல் கூலன்ட்டா, இடையில் யாராவது தண்ணீர் ஊற்றினார்களா என்று தெரியாது. வாங்கியதும் ஒரு துளி எடுத்துப் பாருங்கள். கலங்கலாக, துரு நிறத்தில், அல்லது மறை 30க்கு மேலே வெப்பமான பக்கம் காட்டினால், கலந்திருக்கிறார்கள். முழுவதும் மாற்றுங்கள்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் எஞ்சினுக்கு ஒன்று, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்ப மாற்றும் இன்வேர்ட்டருக்கு ஒன்று என இரண்டு தனித்தனிச் சுற்றுகள், இரண்டு டாங்கிகள். இன்வேர்ட்டரின் ஒடுக்கமான வழிகளில் படிவு விழுந்தால் வரும் பில் எஞ்சின் பில்லைவிடப் பயங்கரம். இவற்றுக்குப் பிரீமிக்ஸைத் தவிர வேறு எதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மாற்றுவதும் ஹைபிரிட் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் செய்யட்டும். மின்பம்பை இயக்கிக் காற்றை வெளியேற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: நீங்கள் பணம் கொடுக்கும் ஒவ்வொரு லீற்றரிலும் அரை லீற்றர் தண்ணீர். 10 லீற்றருக்கு மேல் பிடிக்கும் டீசல் வானுக்கு அது கனக்கும். இன்னொன்று, பிரீமிக்ஸில் மேலும் தண்ணீர் கலந்து "கூட்டி"விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. 50 வீதத்தில் அதே அளவு தண்ணீர் சேர்ந்தால் 25 வீதம், அதாவது பிரீமிக்ஸுக்கான விலைக்கு மலிவுப் போத்தல்.

## ஒரே பார்வையில்

| | வெறும் தண்ணீர் | மலிவு நிறக் கூலன்ட் | செறிவு 40 வீதம் | பிரீமிக்ஸ் 50 வீதம் |
|---|---|---|---|---|
| துருக் காவல் | இல்லை | போத்தலைப் பொறுத்து | நன்று, தண்ணீர் நல்லதென்றால் | மிக நன்று |
| கொதிநிலை, மூடி இல்லாமல் | 100 | 100க்குச் சற்று மேல் | சுமார் 105 | சுமார் 107 |
| வெப்பம் சுமத்தல் | மிக நன்று | நன்று | நன்று | சற்றுக் குறைவு |
| மாற்றும் காலம் | உடனே | வருடத்துக்கொரு தடவை | போத்தலில் உள்ளபடி, வழமையாக 2 வருடம் | கம்பனி சொன்னபடி |
| பிழைக்கு இடம் | எப்போதும் பிழை | போலி | தண்ணீரும் அளவும் | மேலும் தண்ணீர் கலப்பது |
| ஏற்றது | அவசரத்துக்கு | பழைய வான் | பழைய, பெரிய எஞ்சின் | புதியது, ஹைபிரிட், சிறு கார் |

## யாருக்கு எது

வாகன்ஆர், ஆல்டோ, விட்ஸ், ஆக்ஸியோ போன்ற சிறு கார், வருடத்தில் சில தடவை கொழும்புக்கோ கண்டிக்கோ போய்வருவது என்றால் பிரீமிக்ஸ். கொள்ளளவு குறைவு, ஆகவே விலை வித்தியாசமும் சிறிது, தண்ணீர்த் தலையிடி இல்லை.

ஹயர் ஓடும் டீசல் வான், பழைய லான்சர், பத்துப் பதினைந்து வருடமாக வீட்டில் நிற்கும் கார்: செறிவு 40 வீதம். செம்பு, பித்தளையில் ஈயப் பற்றவைப்போடு செய்த பழைய ரேடியேற்றர் என்றால், நீண்ட ஆயுள் வகையை விட்டுப் பழைய பாணிப் பச்சைச் செறிவை எடுங்கள். புதிய கரிம அமில மருந்துகள் சில அந்தப் பற்றவைப்புக்கு ஒத்துவராது.

விலையை ஒப்பிட ஒரு நேரான வழி. 40 வீதத்தில் 5 லீற்றர் என்றால், செறிவு இரண்டு லீற்றர் விலையோடு வடித்த நீர் மூன்று லீற்றர் விலையைக் கூட்டுங்கள். அதைப் பிரீமிக்ஸ் ஐந்து லீற்றர் விலையோடு வைத்துப் பாருங்கள். பிறகு இரண்டையும் அவை தாங்கும் வருடங்களால் பிரியுங்கள். இரண்டு வருடம் தாங்கும் செறிவு, நான்கு வருடம் தாங்கும் பிரீமிக்ஸின் விலையில் முக்கால் பங்கென்றால், அது மலிவில்லை. மாற்றும் கூலி இரண்டு தடவை.

கடற்கரை ஓரம் வசிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று ரேடியேற்றரின் வெளிப்பக்க அலுமினிய மடிப்புகளைத் தின்றுவிடும். விரலால் தொட்டால் மாவாக உதிர்கிறது என்றால், சூடேறுவதற்குக் காரணம் அதுதான், கூலன்ட் மேல் பழி இல்லை. மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைத்து, எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கிக் கழுவுங்கள். அதேபோல் "சூடேறுது" என்று தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றர் வழியை மூடி வைக்கும் வால்வை, கழற்றி எறியும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வராமல் பெற்றோல் குடிக்கும், உள்ளே தேயும். ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியையும் தெர்மோஸ்டாட்டே மூடும் வகை எஞ்சின்களில், அதைக் கழற்றினால் சூடு இன்னும் கூடும்.

## நிரப்பும்போது கணக்குப் பிழைக்கும் இடம்

அடித் திருகைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. 5 லீற்றர் காரில் 3 லீற்றர் வரும், 2 லீற்றர் புளொக்கிலும் ஹீற்றரிலும் நிற்கும். தண்ணீரால் கழுவிய பிறகு நிற்கும் அந்த 2 லீற்றர் வெறும் தண்ணீர். அதன்மேல் 3 லீற்றர் பிரீமிக்ஸ் ஊற்றினால் கிடைப்பது 30 வீதம், 50 இல்லை. பிரீமிக்ஸ் ஊற்றுபவர்கள் ஆகையால் கழுவாமல், பழையது சுத்தமாக இருந்தால், அதே வகையால் வடித்து நிரப்புவது மேல். செறிவு ஊற்றுபவருக்கு இது வசதி: 2 லீற்றர் தண்ணீர் உள்ளே நிற்கிறது என்று தெரிந்தால், 2 லீற்றர் செறிவை முதலில் ஊற்றி, மிச்சத்துக்கு ஒரு லீற்றர் வடித்த நீர். சரியாக 40 வீதம்.

உள்ளே நிற்கும் தண்ணீர் கிணற்று நீராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை வடித்து நிரப்பும்போதும் பழையதில் 40 வீதம் மிஞ்சும். இரண்டு தடவையில் 16, மூன்று தடவையில் ஏறத்தாழ 6 வீதம். முதல் கழுவலுக்கு நகரக் குழாய் நீர் போதும், கடைசி இரண்டும் வடித்த நீரால். அதற்கே 6 லீற்றர் வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் எஞ்சினை மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்காது, புளொக்கில் நிற்பது கலக்காது. பிறகு முழுக்க ஆற விட்டு வடிக்க வேண்டும். அரை நாள் வேலை. சூட்டோடு மூடியைத் திறந்தவர்களின் முகத்தழும்பு எந்தக் கராஜிலும் பார்க்கலாம்.

ஏற்கெனவே உள்ளே இருப்பது மெலிந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. 5 லீற்றரில் 20 வீதம் காட்டுகிறது, 33க்கு ஏற்ற வேண்டும் என்றால், 800 மில்லிலீற்றர் வடித்துவிட்டு அதே அளவு செறிவு, அதே வகை, ஊற்றினால் போதும். நீர்மம் தெளிவாகவும் வயது குறைவாகவும் இருந்தால் மட்டும்.

நிரப்பும்போது காரின் முன்பக்கம் மேலே இருக்கட்டும். உவர்மலை ஏற்றம் போன்ற ஒரு சரிவில் முகத்தை மேல்நோக்கி, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினால் காற்று தானாக மூடிப் பக்கம் ஏறும். ஹீற்றரை உச்சச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். மேல் ஹோஸை துணியால் பிடித்து இரண்டு மூன்று தடவை அமுக்கினால் சிக்கிய காற்று வெளியேறும். மின்விசிறி இரண்டு தடவை சுற்றி நின்ற பிறகும் குமிழி இல்லையென்றால் மூடலாம். ஹீற்றரிலிருந்து சூடான காற்று வராமல் குளிர்ந்தே வந்தால் உள்ளே இன்னும் காற்று நிற்கிறது.

வடித்த பழைய கூலன்ட்டை வடிகாலிலோ கடலிலோ ஊற்ற வேண்டாம். மூடியுள்ள கலனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். பிறகு மூன்று நாள், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, டாங்கியின் மட்டத்தைப் பாருங்கள். முதல் நாள் சிறிது இறங்குவது காற்று வெளியேறியதால். மூன்றாம் நாளும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அப்போது மேலும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்.